கரண்டிக் காம்பின் வளைவில்

கல்யாணத்தன்று அம்சவேணி சொன்ன பொய் அருந்ததியைப் பற்றியது. பெருந்துறை மண்டபத்தில் பட்டப்பகலில் பெரியவர்கள் மேலே கைகாட்டி, "அருந்ததி தெரியுதா கண்ணு?" என்று கேட்டார்கள். சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்து, "தெரியுதுங்க" என்றாள். எல்லா மணப்பெண்களும் சொல்கிற பொய்தான். மாப்பிள்ளை குழந்தைசாமி மட்டும் சிரிப்பை அடக்கமாட்டாமல், "டெல்லிக்கு வா, நெசமான அருந்ததியக் காட்டறேன்" என்று காதோடு சொன்னார்.

டெல்லியில் போய் நட்சத்திரமா! ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் மொட்டைமாடிக்கு மேலே புகையும் தூசியும் தெருவிளக்கும் சேர்ந்து வானத்தை அழுக்காக்கி வைத்திருந்தன. மனுஷன் அசரவில்லை. ஆபீஸ் விட்டு வந்து டீ குடித்த கையோடு மாடியேறிவிடுவார். ஆடியில் தெற்கே கொடுக்கைத் தூக்கி நிற்கும் தேள். கார்த்திகையில் கிழக்கே கொத்தாக ஏறும் அறுமீன். தை பிறந்தால் இடுப்பில் மூன்று நட்சத்திரங்களை வரிசையாகக் கட்டிய வேட்டைக்காரன். "வீட்ல இருக்கறதொண்ணும் உங்க கண்ணுக்குத் தெரியாதுங்களா?" என்று திட்டிக்கொண்டே அவளும் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள்.

அருந்ததி மட்டும் அகப்படவில்லை. சப்தரிஷிகள் ஏழு பேரும் கரண்டி வடிவில் நிற்பார்கள். காம்பு வளையும் இடத்தில் வசிஷ்டர். அவரை ஒட்டிய சின்னப் பொட்டு அருந்ததி. அந்தப் பொட்டை டெல்லித் தூசி காட்டவேயில்லை.

போன ஐப்பசியில் குழந்தைசாமிக்கு மூளையில் கட்டி என்று தெரிந்தது. அருந்ததி கண்ணுக்குத் தெரியாதவர்கள் ஆறு மாதம் தாங்கமாட்டார்கள் என்று அம்சவேணியின் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவள் பி.எஸ்சி. படித்தவள். படித்ததெல்லாம் அன்று எங்கே போயிற்றோ, சாயங்காலமே அவரை மாடிக்கு இழுத்தாள்.

"ஏனுங்க, சப்தரிஷி எங்கீங்க?"

"ஏம்புள்ள, இத்தன வருசமா என்ன கத்துக்கிட்ட? ஐப்பசி சாயங்காலம் அது அடிவானத்துக்குக் கீழ கெடக்கும். பங்குனியிலதான் வடகெழக்குல ஏறும்."

பங்குனி வரை அவர் இருக்க வேண்டுமே என்று அவள் விரல்விட்டு மாதங்களை எண்ணினாள்.

அறுமீன் வந்து புகைமூட்டத்துக்குள் காணாமல் போனது. வேட்டைக்காரன் உச்சிக்கு ஏறி மேற்கே சாய்ந்தான். குழந்தைசாமியின் உடம்பும் சாய்ந்துகொண்டே வந்தது. பேப்பர் படிப்பதை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டால், "அச்சா நியூஸ் ஒண்ணுமில்ல" என்றார். மலை மந்திர் முருகனிடம் அவள் கேட்டதெல்லாம் அருந்ததி அவர் கண்ணில் பட வேண்டும் என்பதுதான். அவரைக் குணமாக்கு என்று கேட்க அவளுக்குத் துணிவில்லை.

பங்குனிக் கடைசியில் ஒருநாள் பிற்பகலில் நல்ல மழை பெய்தது. வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. எதிர்வீட்டு நிகில், "ஆராம் ஸே, அங்கிள்" என்று மெதுவாகத் தாங்கி மாடியேற்றி, நாற்காலியில் வடக்குப் பார்த்து உட்கார வைத்துவிட்டு இறங்கிப் போனான்.

இருட்டியதும் கரண்டி தெரிந்தது. காம்பின் வளைவில் வசிஷ்டர். பக்கத்தில், ஐயோ, அருந்ததி! இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அம்சவேணி அவளைப் பார்த்தாள்.

"தெரியுதுங்களா?" என்று கேட்டாள்.

அவர் வெகுநேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். மெல்லக் கையைத் தூக்கி, "தெரியுது புள்ள. உன்னையாட்டமே ஒட்டிக்கிட்டு நிக்கிது" என்றார்.

விரல் காட்டிய இடத்தில் பக்கத்து பிளாக்கின் தண்ணீர்த் தொட்டிதான் இருந்தது.

ஊர்ப்பேச்சை அவள் அவரிடம் சொன்னதேயில்லை. எப்படியோ தெரிந்து வைத்திருக்கிறார். கண் மங்கித்தான் பேப்பரை விட்டிருக்கிறார் என்பதும் இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. மின்விசிறியைப் பார்த்து அவள் சொன்ன அதே வார்த்தை. அன்று அவரால் சிரிக்க முடிந்தது.

"நீ பாத்தியா?"

"பாத்தேனுங்க. நீங்க காட்டற எடத்துலயேதான் இருக்குது."

"அப்பறமென்ன? இனிப் பயப்படாத."

தூக்கிய கை தளர்ந்து ஆடியது. அந்த விரலை அவள் நட்சத்திரத்தின் பக்கம் நகர்த்தவில்லை. முழங்கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்து, இருந்த இடத்திலேயே தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.