பொறி பார்க்காத ஃபோர்மேன்

என் வீட்டுக்காரர் சாலமன்ராஜ் கார் ரிப்பேர் பார்க்கிற லட்சணத்தைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு எரிச்சல்தான் வரும். காலில் செருப்பு இருக்காது. ஸ்பானர், சுத்தியல் எல்லாம் பித்தளை; இரும்பு என்றால் உரசிப் பொறி தெறிக்குமாம். வண்டியைத் தொடுவதற்கு முன்னால் வாசல் இரும்புக் கேட்டில் உள்ளங்கையை வைத்து எடுப்பார். உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்க வேண்டுமாம். சுற்றிலும் நாலு மணல் வாளி, ஒரு தண்ணீர் டிரம். செல்போனுக்குப் பக்கத்தில் வர அனுமதி கிடையாது. காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் வெயில் ஏறுவதற்குள் மூடிவிடுவார். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் ஃபோர்மேனாக இருந்தவர். கை கால் எல்லாம் அப்படியே பழகிப் போய்விட்டது.

வண்டி, முதலாளியின் அப்பா ஒரு காலத்தில் ஆசைப்பட்டு வாங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட்டு, மேலே துணிக் கூரை. கம்பெனி ஷெட்டில் தார்ப்பாய் போர்த்தி வருஷக்கணக்காகக் கிடந்தது. பட்டாசு மருந்து கலக்கிற பெத்தணன் சாப்பாட்டு நேரத்தில் தார்ப்பாயைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பானாம். "அண்ணே, ஒருநா என்னைய இதுல உக்கார வச்சு சாத்தூர் ரோட்டுல ஓட்டிருங்க" என்பானாம். இவரும் சரி என்பாராம்.

போன வருஷம் ஏப்ரலில் மருந்து ரூமில் ஒரு பொறி விழுந்தது. பெத்தணன் போய்விட்டான். அன்றைக்கு லீவு கேட்டவனை, ஆர்டர் நிற்கிறது, அரை நாள் பார்த்துவிட்டுப் போ என்று உள்ளே அனுப்பியது இவர்தான். அடக்கத்துக்குப் போனதோடு சரி, அதற்குப் பிறகு பெத்தணன் பெண்சாதி வேலுத்தாய் முன்னால் போய் நிற்க இவருக்குத் தைரியம் வரவில்லை. நாலு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். என் பேர் எவா, ஆஸ்பத்திரி நர்ஸ். எத்தனையோ தீக்காயத்துக்கு மருந்து போட்டவள். இந்த மனுஷனுக்கு எங்கே மருந்து போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு ஒரு நாள் எழுந்து போய், முதலாளியிடம் அந்தக் காரைக் கேட்டு வாங்கி, டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார். அப்போதிருந்து பத்து மாதம். கார்புரேட்டரை மூணு தடவை கழற்றிக் கழுவினார். பெட்ரோல் டேங்கைச் சுரண்டினார். பம்பை மாற்றினார், டியூப் மாற்றினார். சாவியைத் திருப்பினால் இஞ்சின் சுற்றும், ஆனால் பற்றாது. போன புதன்கிழமை பித்தளை ஸ்பானர்களைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"சனிக்கிழம பழைய இரும்புக்காரர வரச் சொல்லிட்டேன், எவா. இது ஓடாது" என்றார்.

கார் போனால் போகட்டும். கார் போன மறுநாளே இவர் திரும்பவும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார் என்பதுதான் என் பயம்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கட்டு மாற்ற வந்தான் மெக்கானிக் சிவபாண்டி. அவன் விரலில் கட்டைச் சுற்றிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிப் புலம்பினேன்.

"எல்லாம் சரிக்கா. பிளக்குல பொறி வருதான்னு அண்ணாச்சி பாத்தாகளா?"

"அத எப்பிடிப் பாக்க?"

"பிளக்கக் களட்டி, ஒயரோட இஞ்சின் மேல ஒட்டி வச்சுச் சாவியத் திருப்பணும். நீலமாத் தெறிக்கும். மொதல்ல அதத்தான பாப்பாக?"

எனக்குப் பொட்டில் அடித்தாற்போல் இருந்தது. போனில் ரிப்பேர் வீடியோ பார்க்கும்போது இவர் சில இடங்களைத் தள்ளிவிடுவார். நான் கவனித்திருக்கிறேன். எல்லாம் பொறி காட்டுகிற இடங்கள். நாடி பிடித்துப் பார்க்காமல் பத்து மாதமாகக் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை காலையில் கேட்டே விட்டேன்.

"பெட்ரோல் வண்டிகிட்ட நின்னு பொறிய வரவளைக்கச் சொல்லுதியா? கூறு இருக்கா ஒனக்கு?" என்று கத்தினார்.

"அது இஞ்சினுக்குள்ள வர வேண்டிய பொறிங்க. அது இல்லாட்டா வண்டி ஏது?"

"உள்ள வரட்டும். என்னால அதப் பாக்க முடியாது, எவா." குரல் இறங்கிவிட்டது.

"நான் பாக்கேன். நீங்க சாவிய மட்டும் திருப்புங்க."

பெட்ரோல் கேனைக் கொல்லைக்குக் கொண்டுபோனார். வாடை போக ஒரு மணி நேரம் பானெட்டைத் திறந்து வைத்தார். நான் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, இடுக்கியில் பிளக்கைப் பிடித்தேன். அவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சாவியைத் திருப்பினார்.

"வரல" என்றேன்.

கண்ணைத் திறந்தார். "என்னது?"

"பொறியே வரலங்க."

பிறகு இறங்கி வந்து, பொறியைப் பிரித்து அனுப்புகிற மூடியைக் கழற்றினார். உள்ளே பாயின்ட் இரண்டும் கறுத்துப் போயிருந்தன. உப்புத்தாளை மடித்து, கைக்குழந்தைக்குக் காது துடைப்பது போலத் தேய்த்தார். மூடியை மாட்டிவிட்டு, கேட்டைத் தொட்டுவிட்டு வந்தார்.

"நீ போயி சாவியத் திருப்பு" என்றார்.

"நீங்க பாத்துக்கிடுவீகளா?"

கையுறைக்குக் கையை நீட்டினார்.

திருப்பினேன். பானெட் மறைத்ததால் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. டக் டக்கென்று சத்தம் மட்டும் கேட்டது. "போதும்" என்று சொல்ல அவருக்கு வெகுநேரம் ஆனது.

"இத்துனூண்டு இருக்கு, எவா" என்றார்.

அவர் பிளக்கை மாட்டிவிட்டு வந்து சாவியைத் திருப்பியதும், இருமி இருமி வண்டி கிளம்பியது. பக்கத்துச் சீட்டில் ஏறப் போனேன். "நீ இரு" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. பதினாலு மாதமாக அவர் தலைவைத்துப் படுக்காத பெத்தணன் வீட்டுப் பக்கம் வண்டி திரும்பியது. சனிக்கிழமை வர வேண்டாம் என்று இரும்புக்காரருக்கு நானே போன் போட்டுச் சொன்னேன்.

மதியம் வந்தவர் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் வாயைத் திறந்தார். வேலுத்தாயை அந்தச் சீட்டில் உட்கார வைத்துச் சாத்தூர் ரோட்டில் ஓட்டிக்கொண்டு போனாராம். வழி முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசவில்லையாம். வீட்டு வாசலில் இறங்கும்போது மட்டும் கேட்டாளாம், "இம்புட்டு நாளா ஏண்ணே வரல?"

"நீங்க என்ன சொன்னீக?"

"வண்டி ஸ்டார்ட் ஆகல தாயின்னு சொன்னேன்" என்றார். சோற்றில் கையை வைத்தபடியே அழ ஆரம்பித்தார்.