ஏழாவது படத்தில் குதிகால்

நெட்டை செத்து ஐந்தாம் நாள் காலையில் அக்கா தன் ஹார்ட் டிஸ்க்கைத் துப்புரவு செய்ய உட்கார்ந்தாள். குத்துச்சண்டைக் கூடத்துக்கு வருகிற எல்லாருக்கும் அவள் அக்காதான். கீழ்க் கயிற்றுக்கு அடியில் கேமராவை நீட்டிக்கொண்டு ஒன்பது வருஷமாகப் படமெடுக்கிறாள். கூடப் பிறந்து அப்படிக் கூப்பிடுகிறவன் ஒருவன்தான். போட்டியில் எதிரே நின்ற நெட்டையைக் கடைசியாகக் குத்தியவன் அவன்.

கடைசிச் சுற்றின் படங்களை நண்பகலுக்குள் அனுப்பச் சொல்லி விசாரணைக் குழுவிலிருந்து கடிதம் வந்திருந்தது. நடுவர் தடுத்த பிறகும் தம்பி குத்தினானா என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியது. குத்தியிருந்தால் உரிமம் போகும், வழக்கு வரும், கம்பி எண்ணவும் நேரலாம். தோளில் கை வைத்தது நடுவருக்கு ஞாபகமிருந்தது. குத்துக்கு முன்னா பின்னா என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. அரங்கிலிருந்த செல்போன்கள் அத்தனையும் அவருடைய அகன்ற முதுகைத்தான் பிடித்திருந்தன. சரியான மூலையில் இருந்தது அக்காவின் கேமரா மட்டும்.

அன்றைக்கு ஸ்ட்ரெச்சர் போன பதற்றத்தில் ஒரே கார்டை மூன்று தடவை டிஸ்க்கில் ஏற்றியிருந்தாள். கார்டை மறுநாளே ஒரு பள்ளி ஓட்டப்பந்தயத்துக்காக அழித்தும் ஆகிவிட்டது. டிஸ்க் கழுத்து வரை நிரம்பியிருந்தது. டூப்ளிகேட் பொறுக்கும் மென்பொருளை ஓடவிட்டாள். அச்சு அசலான நகல்களைக் கழித்த பிறகு, கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பவற்றையும் அது கும்பல் கும்பலாக ஒதுக்கியது. அப்படி ஒரு கும்பலில் பதினான்கு படங்கள். நொடிக்குப் பன்னிரண்டு எடுக்கும் கேமரா அது. ஆக, ஒரு நொடியும் கொஞ்சமும். இருப்பதில் தெளிவான நான்காவதை வைத்துக்கொண்டு மீதிப் பதின்மூன்றுக்கும் சிவப்புக் குறி போட்டிருந்தது மென்பொருள்.

நான்காவதில் தம்பியின் இடது கை நெட்டையின் கன்னத்தில் புதைந்திருந்தது. கன்னச் சதை மூக்குப் பக்கம் ஒதுங்கி, வாய்க்குள் வைத்த ரப்பர் பாதி பிதுங்கி, எச்சிலும் ரத்தமுமாக ஒரு கொத்து காற்றில் நின்றது. நடுவர் படத்தில் இல்லை. யாரும் குறை சொல்ல முடியாத குத்து. ஆறாவதிலிருந்து நடுவரின் கை கலங்கலாக உள்ளே வருகிறது. கலங்கல் மென்பொருளுக்கு ஆகாது.

அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அவள் எதையும் மறைக்கவில்லை, வழக்கமாகச் செய்கிற வேலையைச் செய்கிறாள், தேர்ந்தெடுத்தது மெஷின். நிரந்தரமாக நீக்கவா என்று திரை கேட்டது. அவள் விரல் மவுஸின் மேல் இருந்தபோதுதான் தம்பி உள்ளே வந்தான்.

புருவத்தில் ஏழு தையல். ஐந்து நாளாக அவன் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நெட்டையின் பெண்டாட்டி அழாமல், கத்தாமல், நிறுத்தச் சொன்ன பிறகும் அடித்தீர்களா என்று மட்டும் கேட்டிருந்தாள். இல்லவே இல்லை என்று சத்தியம் செய்திருந்தான். செய்த பிறகுதான் தனக்கு எதுவுமே ஞாபகமில்லை என்பது அவனுக்கு உறைத்தது.

என்ன பண்ணுகிறாய் என்று கேட்டான். டூப்ளிகேட், எல்லாம் ஒரே படம், கழிக்கிறேன் என்றாள் அவள், திரும்பாமல்.

அவன் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தான். எவரும் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவன் கண் கீழே, கால்களுக்குப் போயிற்று.

"இது ஒரே படம் இல்லக்கா."

ஆறாவதைப் பெரிதாக்கச் சொன்னான். நடுவரின் விரல்கள் அவன் தோள்சதையில் அழுந்தியிருந்தன. பிறகு ஏழாவது.

"ஆறுல என் வலது குதிகால் தரையில இருக்கு பாரு. ஏழுல எழும்பிடுச்சு. குதிகால் எழும்பினாத்தான் வலது கை கிளம்பும்." திரையில் தன் குதிகாலின் மேல் விரலை வைத்தான். "அவர் கை வச்சப்புறம்தான் கிளம்பியிருக்கேன்."

பன்னிரண்டில் ஒரு பங்கு நொடிக்குள் எந்த உடம்பும் நிற்காது என்று அக்கா வாதாடினாள். அந்தக் குழுவில் இருப்பவர்களுக்குக் குதிகாலும் ஒன்றுதான், மாட்டுக் குளம்பும் ஒன்றுதான் என்றாள். அவன் காதில் வாங்கவில்லை. ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டு போனான். பதினொன்றில் அவனுடைய வலது கை நெட்டையின் தாடையை முகத்திலிருந்து பெயர்த்துப் பக்கவாட்டில் தள்ளியிருந்தது. பன்னிரண்டில் நெட்டையின் கண்ணில் வெள்ளை மட்டும். பதினான்கில் முழங்கால்கள் மடங்கத் தொடங்கின. பின்மண்டை மேடைப் பலகையில் மோதியது அடுத்த கும்பலில் இருந்தது.

"அனுப்பு," என்றான்.

படங்களை நீக்க அக்கா மவுஸை அழுத்தப் போனாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்; நாற்காலியோடு அவளைத் தூக்கி, பீரோவை நகர்த்துவதுபோல ஓரமாக வைத்தான். பதினான்கையும் தானே மெயிலில் சேர்த்து அனுப்பும் பொத்தானைத் தட்டினான். பெரிய பெரிய படங்கள். நீலக்கோடு எறும்பாக ஊர்ந்தது. மேஜைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைகளைத் தொங்கவிட்டு நின்றான்.

ஒயரைப் பிடுங்க அவள் பாய்ந்தாள். மார்பால் தடுத்தான். முதலில் அறைந்தாள். பிறகு முஷ்டியால், இரண்டு கையாலும், கண் மண் தெரியாமல். தையல் பிரிந்து ரத்தம் அவன் இமைக்குள் இறங்கியது. உதடு பல்லில் கிழிந்தது. குத்து வந்தால் தலை தன்னாலேயே விலகிப் பழகிய உடம்பு. விலகாமல் நிற்க அவன் பட்ட பாடு கழுத்து நரம்பில் தெரிந்தது. கேமரா ஸ்டாண்டை எடுத்து விலாவில் வீசினாள். உள்ளே ஏதோ முறிகிற சத்தம். அவன் மூச்சை வெளியே விட்டு, ஒரு காலை அகட்டி, மறுபடி நேராக நின்றான். "ஜெயிலுக்குப் போகணுமாடா உனக்கு? நாங்கல்லாம் செத்துட்டோமாடா?" என்று ஸ்டாண்டை எறிந்துவிட்டு முகத்தில் ஓங்கிக் குத்தினாள். இந்த முறை முறிந்தது அவளுடைய கை.

"கட்டைவிரலை உள்ள மடக்கிட்டு குத்தாதக்கா," என்றான் தம்பி, கிழிந்த உதட்டால். "உடைஞ்சுரும்."

அவன் பின்னால் நீலக்கோடு முழுசாக ஓடி முடிந்திருந்தது.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவன் ஃபிரிட்ஜிலிருந்து ஐஸைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து அவள் கையில் வைத்துக் கட்டினான். தன் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை.

கால் மணி நேரம் கழித்து போன் அடித்தது. விசாரணைக் குழுவின் எழுத்தர். அக்காவால் போனைப் பிடிக்க முடியவில்லை. தம்பி மண்டியிட்டு அவள் காதில் வைத்துப் பிடித்தான்.

"மேடம், ஒரே படம் பதினாலு தடவை வந்திருக்கு," என்றார் எழுத்தர். தன்மையான மனிதர். "பரவாயில்ல, எல்லாருக்கும் நடக்கறதுதான். நாலாவது நல்லா தெளிவா இருக்கு. அதை வச்சுக்கிட்டு மத்ததை எடுத்துடட்டுமா?"

ஒரு 'ம்' போதும். தம்பிக்கும் கேட்டது. அவன் தலையாட்டவில்லை, கண்ணால்கூட எதுவும் சொல்லவில்லை. அவன் தாடையிலிருந்து ஒரு சொட்டு அவள் சட்டையில் விழுந்தது. லைனில் இருக்கிறீர்களா என்று எழுத்தர் கேட்டார். பிறகு மறுபடியும் கேட்டார்.

"எதையும் எடுக்காதீங்க," என்றாள் அக்கா. "ஆறையும் ஏழையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. மூஞ்சியைப் பாக்காதீங்க. என் தம்பியோட வலது காலைப் பாருங்க."

"கால்ல என்ன மேடம்?"

அவள் சொன்னாள். எழுத்தர் இடையிடையே நிறுத்தச் சொல்லி எழுதிக்கொண்டார். முடிகிற வரை தம்பி போனைப் பிடித்துக்கொண்டிருந்தான்.