மீட்டரை ஓட வைத்த மாதம்

இந்தக் காலத்து மனிதர்கள் வீட்டை விட்டுப் போனாலும் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. யாருக்குக் காற்று வீசுகிறது, சுவருக்கா? ஒயர்மேன் கிழவருக்கு இதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். நாற்பத்தைந்து வருஷம் ஊரார் வீடுகளுக்கு ஒயர் இழுத்த கை. சுவிட்ச் போடுகிற கைக்கு அணைக்கவும் தெரியவேண்டும் என்பது அவர் கட்சி. அவர் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் மீட்டர் படிக்க அதுவே போதும்.

அவர் இருப்பது மகள் வீட்டில். அங்கே ஒரு பல்பு, ஒரு ஃபேன், ஒரு தையல் மெஷின். மாதம் முப்பத்தெட்டு யூனிட்டுக்கு மேல் ஓடியதில்லை. கிழவர் அப்படி ஓடவிட்டதில்லை.

அந்த வீடு இருந்த வரிசையில் பதினோரு வீடுகள், எல்லாமே தகரக் கூரை. மகளின் இரண்டு வயதுக் குழந்தைக்கு முதுகு முழுக்க வேர்க்குரு. மல்லாத்திப் படுக்க வைத்தால் வீறிட்டு அழும். அதனால்தான், மின்சாரம் குறைவாக இழுக்கிற, வெயில் இறங்காத கூரை போட்ட வீடு ஏழைகளுக்குக் கட்டித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மகள் ஓடிப் போய் மனு கொடுத்தாள்.

மனு ஃபாரம் எழுத வந்த பெண் மீட்டரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"உங்களுக்குக் கிடைக்காதுக்கா. இந்தத் திட்டத்துக்குப் பணம் குடுக்கிறவங்க வீட்டுக்குக் குடுக்கல, மிச்சமாகிற கரண்டுக்குக் குடுக்கிறாங்க. வீட்டுக்கு மாசம் நூறு யூனிட் மிச்சம் காட்டணும்."

"முப்பத்தெட்டுல நூறைக் கழிச்சா எவ்வளவும்மா வரும்?" என்றார் ஒயர்மேன்.

அவள் சிரிக்கவில்லை. "புது வீட்டுக்கு நாப்பது யூனிட்டுன்னு வச்சிருக்காங்க தாத்தா. இங்க நூத்திநாப்பது ஓடியிருக்கணும். அடுத்த மாசம் இதே தேதி சாயங்காலம் வந்து திரும்ப எடுப்போம்." கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "நான் ஒண்ணும் சொல்லல" என்று சேர்த்துக்கொண்டாள்.

அவ்வளவுதான். வரிசையில் இருந்த பதினோரு வீடும் விழித்துக்கொண்டன.

வெந்நீர் போடுகிற ராடு வாங்கினார்கள். கொளுத்துகிற வெயிலில் வாளி வாளியாய்த் தண்ணீர் கொதித்தது. குளிக்க ஆளில்லை. சாக்கடையில் ஊற்றினார்கள். பொந்துக்குள் இருந்த எலிகள் குடும்பம் குடும்பமாய் வெளியேறின. அடுத்த வீட்டுக்காரி கரித்துணியைக்கூட மடிப்புக் கலையாமல் தேய்த்து அடுக்கினாள். கடைசி வீட்டுக்காரனுக்கு எதிலும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். அவன் முன்னூறைத் தாண்டிவிட்டான். கேட்டால், "கையில கொஞ்சம் கூட இருக்கட்டுமேண்ணே" என்றான்.

கிழவர் பழக்கதோஷத்தில் போகிற போக்கில் ராடை அணைத்துவிடுவார். மகள் தலையில் அடித்துக்கொள்வாள்.

"அப்பா! சுவிட்சுக்குப் பக்கத்துல போகாதீங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது?"

"கரண்டை மிச்சம் பிடிக்கிறதுக்குக் கரண்டைக் கொளுத்துறியே, உனக்கு எவன் புத்தி சொன்னான்?"

"புத்தி வேணாம்பா, வீடு வேணும். இவ முதுகைப் பாருங்க."

பார்த்தார். கொதிக்கிற வாளியின் ஆவியும் தகரத்தின் சூடும் சேர்ந்து வேர்க்குரு இப்போது கழுத்து வரை ஏறியிருந்தது. வாயை மூடிக்கொண்டார். அவர் வாய் மூடியதைத் தெருவே அதிசயமாகப் பேசிக்கொண்டது.

ரீடிங் எடுக்கிற அன்று காலை பத்து மணி. மகள் வீட்டுக்கு இன்னும் ஒன்பது யூனிட் பாக்கி. நூற்று நாற்பதை எட்டாதவர்களெல்லாம் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் போட, டப்பென்று வரிசைக்கே பொதுவான ஃப்யூஸ் போயிற்று. பதினோரு மீட்டரும் நின்றன.

லைன்மேனைக் கூப்பிட்டால் நாளைக்குத்தான் வருவான். எல்லார் கண்ணும் கிழவர் மேல். மருமகன் தடித்த கம்பி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான்.

"இதைப் போட்டுக் கட்டுங்க மாமா, ஜென்மத்துக்கும் போகாது."

"ஆமா மாப்பிள்ளை, ஃப்யூஸ் போகாது, வீடுதான் போகும். எரிஞ்சு போனவனுக்கு முதல்ல வீடு தருவாங்கன்னு எவனாவது சொன்னானா?"

திரும்பி நடக்கப்போனார். எதிரில் மகள். குழந்தையைத் தோளில் குப்புறப் போட்டுக்கொண்டு, முந்தானையால் முதுகுக்கு விசிறியபடி நின்றாள்.

கிழவர் பழைய பையைத் தேடி எடுத்தார். அளவான கம்பியை எடுத்துக் கட்டினார். கட்டி முடித்துக் கத்தினார்: "நூத்திநாப்பது தாண்டினவன் எல்லாம் அணைங்கடா! பாக்கி இருக்கிறவங்க ரெண்டு ரெண்டு வீடா போடுங்க. டேய் முன்னூறு, உன்னைத்தான்!"

வாழ்நாளில் முதல் முறையாக, வேண்டாத ராடைத் தன் கையாலேயே போட்டுவிட்டு, மீட்டருக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சக்கரம் சுற்றச் சுற்ற, யாரோ தன் காதைப் பிடித்துத் திருகுவது போல இருந்தது.

சாயங்காலம் ஃபாரம் எழுதிய பெண்ணோடு ஆபீசரும் வந்தார். நூற்று நாற்பத்தொன்று. பெண் டிக் அடித்தாள். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆபீசர் சுற்றி நின்றவர்களைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். "இவ்வளவு கரண்டை வீணாக்குறீங்களே, நியாயமா? புது வீட்டுலயாவது சிக்கனமா இருக்கக் கத்துக்கணும்." பிறகு ஒயர்மேன் கையில் ஒரு ஸ்டிக்கரைக் கொடுத்தார். வெளியே போகும்போது விளக்கை அணைக்கவும் என்று போட்டிருந்தது.

கிழவருக்குத் தாங்கவில்லை. "ஐயா, இதெல்லாம் உங்களுக்காகத்தான் கொளுத்தினோம். முப்பத்தெட்டுக்கு மேல இந்த வீடு ஓடினதே இல்ல."

மகளுக்கு முகம் வெளுத்தது. ஆபீசர் அவர் தோளில் தட்டினார்.

"பெரியவரே, போன வாரம் பார்த்த தெருவுலயும் சாக்கடை கொதிச்சிட்டுத்தான் இருந்துச்சு. பணம் குடுக்கிறவங்களுக்கு நம்பர் வேணும், உங்களுக்கு வீடு வேணும். நடுவுல நீங்க ஏன் உண்மையைக் கொண்டு வர்றீங்க? வாங்க, போட்டோவுக்கு நில்லுங்க."

"அப்பா, ஒரு நிமிஷம் நில்லுங்கப்பா!" என்றாள் மகள். அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம். அதைக் கெடுக்க மனசில்லை. ஆனால் நிற்கவும் கால் வரவில்லை. ஸ்டிக்கரைக் குழந்தை கையில் கொடுத்தார். அது வாயில் வைத்துக்கொண்டது.

தெருமுனையில் ஆபீசரின் வண்டி நின்றது. உள்ளே ஆளில்லை. எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது, ஏசி ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் வெளியே நிழலில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தான்.

"ஏம்ப்பா, அணைக்கக் கூடாதா?"

"ஐயா வந்து ஏறும்போது ஜில்லுன்னு இருக்கணும் தாத்தா."

"இதுக்கு எத்தனை யூனிட் மிச்சம்னு எழுதுவாங்க?"

டிரைவர் சிரித்தான். கிழவர் சிரிக்கவில்லை. செருப்பை இழுத்துக்கொண்டு, முணுமுணுத்தபடியே நடந்து போனார்.