அடங்காப்பிடாரி

டீச்சர் பலகையில் ஸ்பானிஷ் வினைச்சொற்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி முடித்துக் கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டினார். அவர் தட்டி முடிப்பதற்குள் நான் எண்ணி முடித்துவிட்டேன். ஜன்னலோர நாற்காலியிலிருந்து ஆளுக்கொரு சொல்லாக வந்தால் எனக்கு விழுவது ‘தெனேர்’. இன்னொரு முறை எண்ணினேன். யாராவது பாத்ரூம் போய் வரிசை கலைந்தால் எனக்கு ‘இர்’ வரும், பிழைத்துக்கொள்வேன். ஒருவரும் அசையவில்லை.

எனக்குத் திக்குவாய். எழுத்தில் திக்காது என்பதால் சொன்னால்தான் உங்களுக்குத் தெரியும், சொல்லிவிட்டேன். இப்படி முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பதில் திக்குகிறவர்கள் எல்லோருமே புலிகள். பள்ளிக்கூடத்தில் பாடத்தை ஆளுக்கொரு பத்தியாக வாசிக்கச் சொல்லும்போது மற்ற பிள்ளைகள் கதையைக் கேட்பார்கள். நான் என் பத்தி எந்த எழுத்தில் ஆரம்பிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அதனால் எனக்கு ஒரு கதையும் முழுதாகத் தெரியாது.

எல்லா எழுத்தும் ஒரே அளவுக்குப் படுத்தாது. எனக்கு எமன் ‘த’. நாக்கு மேல்பல்லின் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். சத்தம் வராது, மூச்சு வராது, கழுத்து நரம்பு மட்டும் புடைக்கும். தண்ணீர் வேண்டுமென்றால் ‘குடிக்க’ என்பேன். தங்கச்சியை ‘சின்னவ’ என்பேன். விடை தெரிந்தும் ‘தெரியும்’ என்று சொல்ல முடியாமல் நின்று, மக்கு என்று பெயர் வாங்கியிருக்கிறேன். மாட்டிக்கொள்ளும் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்வாசல் வழியாக ஓட இன்னொரு சொல்லைத் தயாராக வைத்திருப்பேன். நாற்பது வயதுக்குள் அகராதி போடுகிற அளவுக்கு மாற்றுச் சொற்கள் சேர்ந்துவிட்டன.

ஸ்பானிஷ் வகுப்பில் அந்தப் பின்வாசல் இல்லை. ‘தெனேர்’ என்றால் ஒன்றை வைத்திருப்பது. ‘என்னிடம் இருக்கிறது’ என்பதற்கு ‘தேங்கோ’. அதற்குப் பதிலாக வேறொன்றைச் சொல்லித் தப்பிக்க வழியில்லை. உன்னிடம், அவளிடம், நம்மிடம், இருந்தது, இருக்கும் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் த-விலேயே ஆரம்பித்து முட்டும். அதுவும் நேர்வழியில் போகிற வினை இல்லை. தேங்கோ என்று கிளம்பி, அடுத்த படியிலேயே தியெனெஸ் என்று ஆளை மாற்றி, நேற்றுக்குப் போனால் துவே என்று அடையாளமே தெரியாமல் நிற்கும். சொன்ன பேச்சைக் கேட்காத இந்த மாதிரி வினைகளை டீச்சர் அடங்காப்பிடாரிகள் என்பார். சின்ன வயதில் அம்மா என்னை அழைத்ததும் அப்படித்தான். ஆகவே எனக்கு அவற்றின்மேல் ஒரு பாசம் உண்டு.

எல்லோரும் சேர்ந்து ஒரே குரலில் சொல்லும்போது எனக்குத் திக்குவதே இல்லை. ஏன் என்று கேட்காதீர்கள், டாக்டருக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கூட்டத்தோடு நானும் தேங்கோ, தியெனெஸ், தியெனே என்று மழை மாதிரிப் பொழிவேன். தனியாகச் சொல்லும்போதுதான் தகராறு.

அன்று ஜன்னலோரத்திலிருந்து ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். எனக்கு முன்னால் இருந்த பேங்க் கிளார்க் ‘இர்’-ஐக் கடகடவென்று ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தார். நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழப்போனேன். டீச்சரின் பார்வை என்மேல் வந்தது, கனிந்தது, அப்படியே தாண்டிப் போனது. “அடுத்து நீங்க” என்று பின்னால் இருந்த பெண்ணைக் காட்டினார். அந்தப் பெண் என் தெனேரை எடுத்துக்கொண்டு இறந்தகாலத்தில் கோட்டைவிட்டாள். நான் பாதி எழுந்த நிலையில் இருந்து, நாற்காலியை இழுத்துப் போடத்தான் எழுந்தேன் என்பது போல இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். 

வகுப்பு முடிந்ததும் டீச்சர் வராந்தாவில் என்னை ஓரமாக நிறுத்தினார். நல்ல மனுஷி. அதுதான் தொல்லையே.

“எழுத்துத் தேர்வுல நீங்க எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுடுவீங்க. பேச்சுத் தேர்வு எதுக்கு உங்களுக்கு? அங்க கேள்வி கேக்க வர்றவங்க நம்மள மாதிரி பொறுமையா இருக்க மாட்டாங்க. கிளாஸ்ல ஒரு அடங்காப்பிடாரியாவது தனியா சொன்னவங்க பேரைத்தான் அனுப்பணும்னு விதி வேற. அடுத்த கிளாஸ் முடிஞ்சதும் பேரெல்லாம் அனுப்பிடுவேன். உங்க பேரை எழுத்துக்கு மட்டும் கொடுத்துடறேன், சரியா?”

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய் திறந்தபடி நின்றது. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் தோளைத் தட்டி, “எனக்குப் புரியுது” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். புரியுது என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களை என்னால் ஒருநாளும் பிடித்து நிறுத்த முடிந்ததில்லை.

எனக்குப் பேச்சுத் தேர்வுதான் வேண்டும். நெபுலைசர் தயாரிக்கும் கம்பெனியில் பழுது பார்க்கும் மேசை என்னுடையது. இளைப்பு உள்ளவர்கள் மருந்தை ஆவியாக இழுக்கிற சின்ன மெஷின் அது. ஸ்பானிஷ் பேசுகிற ஊர்களுக்கும் எங்கள் மெஷின் போகிறது. அங்கே ஒன்று நின்றுபோனால் யாரோ ஒருவர் பதறிக்கொண்டு போன் செய்வார்கள். அந்தப் போனை எடுக்க ஒரு ஆள் வேண்டும், பேச்சுத் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். நான் விண்ணப்பம் கேட்டபோது மேனேஜர், “அது போன்ல பேசற வேலைம்மா” என்றார், எனக்குப் படிக்கத் தெரியாது என்பது போல. மூச்சு முட்டிப் போன் செய்கிறவர்களோடு பேச மூச்சு முட்டத் தெரிந்த ஒருத்தி இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்க நினைத்தேன். அது கொஞ்சம் நீளமான வாக்கியம்.

வீட்டில் இன்னொரு கூத்து. என் கணவர் வீட்டுத் தரகர். வாய்தான் அவருக்கு மூலதனம். காலி மனையைக் காட்டியே அதில் பால் காய்ச்ச வைத்துவிடுவார். கல்யாணம் பேசிய நாளிலிருந்து என் வாக்கியங்களை அவர்தான் முடித்து வைக்கிறார். போன் வந்தால் எடுப்பார். கடையில் கேட்பார். டாக்டரிடம் எனக்கு எங்கே வலிக்கிறது என்று அவர் சொல்வார். பாதி நேரம் சரியாகத்தான் இருக்கும். மீதி நேரம், அவர் முடித்ததையே வைத்துக்கொண்டு வாழ்ந்துவிட்டேன். எனக்குப் பிடித்தது காபி. பெண் பார்த்த பிறகு முதல்முறையாக வெளியே போனபோது ‘கா’-வில் நின்றேன். அவர் சர்வரிடம் “ரெண்டு டீ” என்றார். அன்றிலிருந்து டீதான்.

அன்று மாலை அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொல்லிப் பார்த்தேன்.

“தேங்...”

“கோ!” என்றார் கூடத்திலிருந்து.

கத்தி நின்றது. மறுபடி ஆரம்பித்தேன். “தி...தி...”

“தியெனெஸ்! அடுத்தது தியெனே.”

மனிதர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் திக்குகிற இடைவெளியில் உட்கார்ந்தே பாதி ஸ்பானிஷ் கற்றுக்கொண்டிருக்கிறார். நானாவது காசு கட்டிப் படிக்கிறேன். எனக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது, அடுத்த கணம் அது எங்கே போனதென்று தெரியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்குப் போய் அவர் முன்னால் நின்றேன்.

“நீ...நீங்க இனிமே சொ...சொல்லக் கூடாது.”

“உனக்கு ஹெல்ப் பண்ணலாம்னுதான...”

கையைக் காட்டி நிறுத்தினேன். “நா...ன் இன்னும் மு...முடிக்கல.”

அவர் பேப்பரை மடித்தார். முகம் சுருங்கிவிட்டது.

“நீ தவிக்கிறத என்னால பாத்துட்டு இருக்க முடியாது. அது எனக்கு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது.”

“பா...பாருங்க” என்றேன். “பா...பாத்துட்டு இருங்க. எவ்ளோ நே...நேரம் ஆனாலும்.”

ஒரு சின்ன விஷயம் கேட்டது போலத்தான் இருக்கும். இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் கேட்ட பெரிய விஷயம் அதுதான். அவர் சாப்பிடும்போது உப்பு வேண்டுமென்றுகூடக் கேட்காமல் எழுந்து எடுத்துக்கொண்டார். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் சமாதானம் செய்யப் போகவில்லை.

அடுத்த வகுப்புக்கு நேரத்தோடு போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை எண்ணவில்லை. டீச்சர் மேசையில் பெயர் எழுதும் தாளும் பேனாவும் இருந்தன. மறுபடி ஜன்னலோரத்திலிருந்து ஒவ்வொருவராகச் சொல்ல வைத்தார். வரிசை வந்தது. பேங்க் கிளார்க் சொல்லி முடித்தார். டீச்சர் என்னைத் தாண்டி, “அடுத்து...” என்று ஆரம்பித்தார்.

எழுந்துவிட்டேன். நாற்காலி சத்தம் போட்டது, நல்லதாகப் போயிற்று.

“மே...மேடம். எ...என் முறை.”

“உக்காருங்கம்மா. உங்கள கஷ்டப்படுத்த வேண்டாம்னுதான்...”

“க...கஷ்டம் எனக்கு. நா...நான் பட்டுக்கறேன்.”

யாரோ சிரித்தார்கள், கெட்ட சிரிப்பு இல்லை. டீச்சர் முகம் சிவந்து மேசையோரம் உட்கார்ந்தார். “சரி. எந்த வினை?”

பலகையில் எத்தனையோ இருந்தன. ‘இர்’ இருந்தது, ‘அசேர்’ இருந்தது. நைசாக வழுக்கிக்கொண்டு போகிற சொற்கள். நான் பலகைக்குப் போய் விரலை வைத்துக் காட்டினேன். தெனேர்.

வாயைத் திறந்தேன். நாக்கு தன் வழக்கமான இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. ஒருத்தி குனிந்து பைக்குள் எதையோ தேடினாள். முதல் வரிசையிலிருந்து பேங்க் கிளார்க் பொறுக்க மாட்டாமல், “தேங்கோ” என்று மெதுவாக எடுத்துக் கொடுத்தார். நல்ல எண்ணம்தான்.

கையை உயர்த்தினேன். “யா...யாராவது சொன்னா நான் மொ...மொதல்லேர்ந்து ஆரம்பிப்பேன்.”

ஆரம்பித்தேன். தேங்கோ வந்தது. தியெனெஸ் இடறிக்கொண்டு வந்தது. தெனேமோஸில் நின்றேன், என் நாற்காலிக்குப் பின்னால் இருந்த பெண் உதட்டை அசைக்க, சத்தமும் வந்துவிட்டது. திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். யாரோ பெருமூச்சு விட்டார்கள், விடட்டும். மூன்றாவது தடவையில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நான் நின்றால் வகுப்பும் நின்றது. முகம் கோணுகிறது என்று எனக்குத் தெரியும், கண் மூடிக்கொள்கிறது என்று தெரியும். அதை மறைக்கத்தான் இத்தனை வருஷம் பின்வாசல் தேடினேன். அன்று விளக்கு வெளிச்சத்தில் அப்படியே கோண விட்டேன். நிகழ்காலம் முடிந்தது.

துவே, துவிஸ்தே, துவோ. போன வகுப்பில் அந்தப் பெண் கோட்டைவிட்ட இடம் எனக்கு ஒரு சிக்கலுமில்லை. எனக்குச் சிக்கல் வேறு இடத்தில். அதற்குள் மணி அடித்துவிட்டது. அடுத்து அதே அறையில் கம்ப்யூட்டர் கிளாஸ். அந்த மாணவர்கள் கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். “என்னாச்சு அவங்களுக்கு?” என்று ஒரு குரல் கேட்டது. பேங்க் கிளார்க் திரும்பி, “உஷ்” என்றார். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைக் கழற்றி மேசையில் குப்புற வைத்துவிட்டார்.

எதிர்காலம் மட்டும் பாக்கி. இனிமேல் இருக்கப்போவது. தென்த்ரே, தென்த்ராஸ், தென்த்ரா. ஒவ்வொன்றையும் பல்லிலிருந்து பிய்த்து எடுத்தேன். ரவிக்கையெல்லாம் நனைந்துவிட்டது. தென்த்ரேமோஸ் முடிந்து மூச்சு வாங்கும்போதுதான் கதவருகில் என் கணவரைப் பார்த்தேன். என்னைக் கூட்டிப்போக வந்தவர், அந்த இளசுகளுக்கு நடுவில் நசுங்கிக்கொண்டு நின்றார். கையில் எனக்காக வாங்கிய டீ.

தென்த்ரேய்ஸும் வந்துவிட்டது. இன்னும் ஒன்றே ஒன்று. நாக்கு மேல்பல்லில் போய் ஒட்டியது, இதுவரை இல்லாத அளவுக்கு.  அவருக்கு அந்தச் சொல் தெரியும். அடுப்படியில் நான் திக்கி நின்ற சொல்லிலெல்லாம் அவர் எனக்கு முன்னால் போய் வந்திருக்கிறார். அவர் உதடு பிரிவது எனக்குத் தெரிந்தது. நான் அவரையே பார்த்தேன். அவர் காலியாக இருந்த கையைத் தூக்கித் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டார். கண்ணில் நீர் கட்டியிருந்தது.

டீச்சர் பேனாவின் மூடியைக் கழற்றினார். ஒருவரும் அசையவில்லை. என் கணவர் கையிலிருந்த டீ ஆவி அடங்கி ஆறிக்கொண்டிருந்தது. ஆறட்டும் என்று நின்றேன்.