தவறியதாகச் சொல்லப்பட்டவை

சேஜ் ஃபோர்க் பள்ளத்தாக்கில், சுட்ட பிறகும் ஓடி மறைந்த, ஆட்டுக்குட்டிகளைத் தூக்கும் சிறு ஓநாயான கொயோட்டுக்கு ஒரே விளக்கம்தான் உண்டு: குறி தவறிவிட்டது. அடிபட்டது என்று எவரும் சொல்வதில்லை. அடிபட்டதா என்று எவரும் கேட்பதுமில்லை. இதை யாரும் யாருக்கும் கற்பித்ததில்லை. இருந்தும் ஆடு வளர்க்கும் குடும்பங்கள் அனைத்தும் அதற்குக் கட்டுப்பட்டிருந்தன.

மைத்தே எச்சவெரியும் நேற்றுக் காலைவரை அப்படித்தான் இருந்தாள். ஆடுகள் ஈனும் காலம் நெருங்கியிருந்தது. பட்டிக்கு எதிர்ச்சரிவில் அமர்ந்து நோட்டம் பார்த்த கொயோட்டை, வீட்டிலிருந்த, மிகச் சிறிய குண்டு போடும் பதினேழு காலிபர் துப்பாக்கியால் சுட்டாள். அது விழவில்லை. சுழன்று சுழன்று தன் வயிற்றையே கடித்துவிட்டு மேட்டைத் தாண்டி ஓடியது. பனியில் கிடந்த ரத்தத்துளிகளைப் பின்தொடர்ந்தாள். காற்று பனியை வாரியிறைத்துத் தடத்தை மூடிவிட்டது.

குட்டிகளைக் காக்க அவள் இனியும் சுட்டாக வேண்டும். ஆனால் சுட்டது நின்ற இடத்திலேயே சாக வேண்டும். அதற்கேற்ற துப்பாக்கியைத் தேடித்தான் லைலின் துப்பாக்கிக் கடைக்கு வந்திருந்தாள்.

"எந்தக் காலிபர் வாங்கினா ஒரே குண்டுல விழும், லைல்?"

"எதை வாங்கினாலும் விழும்மா. சுடறவங்க சரியா சுடணும்" என்றார் லைல், கல்லா மேசையைத் துடைத்தபடி.

கணப்படுப்பின் அருகே காப்பிக் குவளையோடு இருந்த பக்கத்துப் பண்ணைக்காரர் டெல்மர் முந்திக்கொண்டார். "பதினேழே போதும் மைத்தே. சின்ன ஓட்டை, விக்கற தோலு கெடாது. இத்தன வருஷத்துல எனக்கு ஒண்ணுகூட அடிபட்டு ஓடினதில்ல."

"எப்படி ஓடும்? அடிபட்டாத்தானே?" என்றார் எதிரே இருந்த ஓரின். "போன வாரம் சுட்டதெல்லாம் டாட்டா காட்டிட்டுப் போச்சே!"

"அது காத்துய்யா! குண்டைத் தள்ளிடுச்சு."

"உனக்கு மட்டும் தனியா ஒரு காத்து அடிக்குதுய்யா!"

கடையே சிரித்தது. மைத்தேவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"காத்து தள்ளுதுன்னா கொஞ்சம் கனமான குண்டு வேணும், இல்லையா? அந்த டூ ஃபார்ட்டி த்ரீ எப்படி?"

"அது மானுக்கும்மா. கொயோட்டைச் சுட்டா தோலு கிழிஞ்சுடும்" என்றார் லைல்.

"தோலை வச்சு நான் என்ன தொப்பியா தைக்கப் போறேன்? விழுமா, விழாதா?"

"என்கிட்ட இருக்கற மாதிரி டூ ட்வென்டி த்ரீய வாங்கு. தங்கமான துப்பாக்கி" என்றார் ஓரின்.

"அதுல சுட்டு எத்தன ஓடிச்சு?"

"தவறினது ரெண்டு மூணு இருக்கும்."

"தவறினதுதானா?"

ஓரின் காப்பியை ஊதத் தொடங்கினார். அது ஏற்கெனவே ஆறியிருந்தது.

மைத்தேவுக்கு எரிச்சல் ஏறியது. இந்தக் கடையில் எந்தத் துப்பாக்கியிலும் குறையே இல்லை. விழுந்ததெல்லாம் துப்பாக்கியின் பெருமை. ஓடியதெல்லாம் கண்ணின் பிழை, அல்லது காற்றின் பிழை. நோயாளி இறந்தால் அவர் வரவே இல்லை என்று சாதிக்கும் மருத்துவமனையில் நின்றுகொண்டு, நல்ல மருந்து எது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். தலைமுறை தலைமுறையாகச் சுட்டவர்களின் அனுபவம் முழுவதும் இந்த அறைக்குள்தான் இருந்தது. அதிலிருந்து அவளுக்குப் பயன்படும் ஒரு சொல்கூடக் கிடைக்கவில்லை.

"சும்மா ஏதாவது ஒண்ணைச் சொல்லாதீங்க லைல். எங்க சரிவுல காத்து நிக்கவே நிக்காது, உங்களுக்கே தெரியும். அங்க எந்தக் குண்டு தாக்குப்பிடிக்கும்?"

"எல்லாமே நல்லதுதாம்மா. உன் கைக்கு எது வாகா இருக்கோ..."

டெல்மர் எழுந்து வந்து அவள் தோளைத் தட்டினார். குரலில் உண்மையான பரிவு இருந்தது. "நேத்து வெடிச்சத்தம் எங்க வீடுவரைக்கும் கேட்டுச்சு. தவறிடுச்சு, அந்தக் கடுப்பு உனக்கு. விடும்மா, எல்லாருக்கும் தவறும்."

தப்பிக்க அவர் அவளுக்கு ஒரு வழியைத் திறந்துவைத்திருந்தார். தலையசைத்தால் போதும்; அவளுக்கும் ஒரு குவளை காப்பி வந்திருக்கும், பேச்சு வானிலைக்குத் திரும்பியிருக்கும்.

"தவறல" என்றாள் மைத்தே.

லைலின் கைத்துணி நின்றது.

"வயித்துல பட்டுச்சு. சுத்திச் சுத்தி தன் வயித்தையே கடிச்சுது. ரத்தத்தைப் பாத்தேன், பின்னாடியே போனேன், கிடைக்கல. இந்நேரம் எந்தப் புதர்லயோ உயிரோட துடிச்சுக்கிட்டிருக்கும். பதினேழுல சுட்டது நான்தான்." அவள் டெல்மரின் முகத்தை நேராகப் பார்த்தாள். "இப்ப நீங்க சொல்லுங்க. போன வாரம் நீங்க சுட்டதெல்லாம் எங்க பட்டுச்சு?"