நிறம் தெரியாத அகராதி

புத்தகத்தின் பின்னட்டையில் கொழுந்தன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். முன்னட்டையில் தங்க எழுத்தில் 'கலைச்சொல் களஞ்சியம்'. அதன் கீழே அவன் பெயர். உள்ளே இருந்த பன்னிரண்டாயிரம் சொற்களும் சீட்டக்கா சேர்த்தவை.

கொழுந்தன் நடத்திய மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் அவளுக்கு அதுதான் பெயர். ஃபோனில் கேள்விப்பட்டவர்கள் சீட்டாடுகிற பொம்பளை என்று நினைத்ததுண்டு, சீட்டுப் பிடிக்கிறவள் என்று எண்ணி, "மாசம் எவ்வளவுங்க கட்டணும்?" என்று கேட்டவர்களும் உண்டு. அவளிடம் இருந்தது வெறும் காகிதச் சீட்டு. ஒரே சொல் தொழிலுக்குத் தொழில், மொழிக்கு மொழி வேஷம் மாற்றும். 'டிஸ்சார்ஜ்' என்றால் ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்புவது, புண் என்று வந்தால் சீழ், கோர்ட்டில் விடுதலை, பேட்டரியில் சார்ஜ் இறங்குவது. வேஷத்துக்கு ஒரு சீட்டு என்று பதினோரு வருஷம் எழுதி, ஏழு தகரப் பெட்டிகளை நிரப்பியிருந்தாள்.

"தூசி தட்டி அடுக்கித் தரேன் அண்ணி" என்று பெட்டிகளைத் தூக்கிப் போனான் கொழுந்தன். நான்காம் நாள் பெட்டிகள் திரும்பின. ஆறாம் மாதம் புத்தகம் வந்தது.

கணவரிடம் கொண்டுபோய் நீட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தம்பிதானே, விடு. நம்ம குடும்பத்துப் பேர்தானே வெளிய வந்திருக்கு."

"உங்க குடும்பத்துப் பேரு."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் அந்த மகானுபாவர்.

அன்றே அலுவலகத்திலிருந்து விலகினாள். சமையலறை மேஜையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினாள். 'டிஸ்சார்ஜ்' வந்ததும் விரல் நின்றது. அர்த்தங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. எது எந்தத் தொழிலுக்கு என்று ஒரு குறிப்பும் இல்லை. அடுத்த சொல், அதற்கடுத்த சொல், எல்லாம் அதே கதை.

அப்புறம்தான் விளங்கியது. சீட்டுகளில் அவள் துறையின் பெயரை எழுதியதே கிடையாது. காகிதத்தின் நிறம்தான் துறை. ரோஜா நிறம் மருத்துவம், நீலம் கோர்ட், மஞ்சள் இயந்திரம், வேற்றுமொழிக்குப் போய் அர்த்தம் மாறிய சொல்லுக்குப் பச்சை. மடையன் எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்திருக்கிறான்!

சீட்டக்கா வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்து அறையிலிருந்து கணவர் பதறி எட்டிப் பார்த்தார்.

மறுநாள் கொழுந்தனே ஃபோன் செய்தான். "புக்கு எப்படி அண்ணி? சும்மா சொல்லுங்க."

"அட்டை ரொம்ப நல்லா இருக்கு தம்பி."

இத்தனை வருஷமும் அவன் கொண்டுவரும் கோணல் வாக்கியங்களைச் சத்தமில்லாமல் நிமிர்த்திக் கொடுத்தவள் அவள்தான். அதனாலேயே அவன் தன்னைப் பெரிய மேதை என்று நம்பிவிட்டான். நம்பட்டும். இன்னும் உயரத்துக்கு ஏறட்டும். கீழே விழுவதற்கு உயரம் வேண்டாமா?

ஏறினான். பெரிய ஆஸ்பத்திரி ஒன்று புது மருந்தைச் சோதிக்கப் போகிறது. சேருகிறவர்கள் கையெழுத்துப் போட வேண்டிய சம்மதத் தாள்களைத் தமிழில் தரும் வேலை அவனுக்குக் கிடைத்தது. இதில் தேறினால் ஆஸ்பத்திரியின் எல்லாத் தாள்களும் அவனுக்கே, எல்லாப் பிரிவிலும் அவன் புத்தகமே சட்டம்.

அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு வழக்கம் உண்டு. தமிழில் வந்த தாளை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்கே திருப்பச் சொல்வார்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் தமிழ்த் தாள் நோயாளியின் கைக்குப் போகும். யார் எழுதியது என்று திருப்புகிறவருக்குச் சொல்வதில்லை. வேலையை விட்டபின் வீட்டிலிருந்தே இந்தத் திருப்பும் வேலையைச் செய்துவந்த சீட்டக்காவைத் தேடி அந்தப் பெயரில்லாத தாள்கள் வந்தன.

முதல் வரியிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

'இந்த விசாரணையில் நீங்கள் மனமுவந்து சேருகிறீர்கள்.' மருந்து 'டிரயலு'க்குக் கோர்ட்டின் சொல்! 'தங்கள் சிறுநீரின் பண்பாடு மூன்று நாட்கள் கவனிக்கப்படும்.' கிருமி வளர்த்துப் பார்க்கும் 'கல்ச்சர்' பண்பாடாகியிருந்தது. 'காயத்திலிருந்து விடுதலை ஏற்பட்டால் உடனே நர்ஸிடம் தெரிவிக்கவும்.'

கொழுந்தன் தானே உட்கார்ந்து எழுதுகிற ரகம் இல்லை. ஆள் வைத்து, "புக்குல முதல்ல என்ன இருக்கோ அதையே போடு" என்று சொல்லியிருப்பான்.

இந்தத் தொழிலில் மனசு இளகியவர்கள் இதை ஒப்பேற்றிவிடுவார்கள். என்ன சொல்ல வந்தார்கள் என்று ஊகித்து நேராக்கிவிடுவார்கள். சீட்டக்கா ஒரு சொல்லைக்கூட நேராக்கவில்லை. விசாரணையை விசாரணையாகவே, பண்பாட்டைப் பண்பாடாகவே திருப்பினாள். விதியும் அப்படித்தான் செய்யச் சொல்கிறது. விதி துணைக்கு வரும் பழிக்கு ருசியே தனி.

ஒரு வாரம் கழித்து இருவரையும் அழைத்தார்கள். கண்ணாடிச் சுவர் வைத்த அறைக்குள் கொழுந்தன் இஸ்திரி கலையாத சட்டையில் நுழைந்தான். எதிர் நாற்காலியில் அண்ணியைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

சோதனைக்குப் பொறுப்பான டாக்டரம்மா தாள்களை விரித்தார். "என் நோயாளியை எதுக்கு சார் விசாரிக்கப் போறீங்க? சிறுநீருக்குப் பண்பாடு இருக்குன்னு எனக்கு இத்தனை நாளாத் தெரியாமப் போச்சே."

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த கிளார்க் இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டார்.

"திருப்பி எழுதினவங்க தப்பு மேடம்..."

"எனக்கும் தமிழ் படிக்கத் தெரியும். சீழ் வடிஞ்சா சொல்லணும்னு ஒருத்தருக்குப் புரியாம, உள்ளயே புரையோடிச் செத்தா நீங்களா வந்து பதில் சொல்வீங்க?"

கொழுந்தனுக்கு வேர்த்துக் கொட்டியது. சட்டென்று கையை அண்ணியின் பக்கம் நீட்டினான். "உண்மையைச் சொல்லிடறேன் மேடம். அந்தப் புக்கு முழுக்க இவங்க, எங்க அண்ணி எழுதினது. தப்பும் இவங்களோடதுதான்."

எந்த வார்த்தையைக் கேட்கப் புத்தகம் வந்த நாளிலிருந்து துடித்தாளோ, அந்த வார்த்தை. குப்பைக் கூடையில் வைத்துக் கொடுக்கிறான்.

டாக்டரம்மா திரும்பினார். "உறவா இருந்தா பரவாயில்ல, தாள்ல பேர் இல்ல. ஆனா அந்தப் புக்குல உங்க வேலை இருந்தா, உங்க வேலையை நீங்களே சரிபார்த்த மாதிரி ஆயிடும், இந்தத் திருப்பிப் பார்க்கறதே செல்லாது. முதல்லேர்ந்து செய்ய அவருக்கு இன்னொரு வாய்ப்பு குடுத்தாகணும். சொல்லுங்கம்மா, உங்க வேலையா?"

"சொல்லுங்க அண்ணி" என்று குழைந்தான் கொழுந்தன். "அடுத்த பதிப்புல உங்க பேரைப் பெருசாப் போடறேன். சத்தியமா."

ஆமாம் என்றால் பெயர் வரும், அவனும் பிழைத்துக்கொள்வான். இல்லை என்றால் அவன் தீர்ந்தான். ஆனால் இந்த அறையில் பதிவாகிவிட்ட பிறகு, ஏழு பெட்டிகளையும் திறந்து 'இது என்னுடையது' என்று எந்தப் பதிப்பாளர் முன்னாலும் போய் நிற்க முடியாது. காய்ச்சலோடு எழுதிய சீட்டுகள், பஸ்ஸில் நின்றுகொண்டே எழுதியவை, ஒரே சொல்லுக்காக மூன்று பட்டறை ஏறி இறங்கியவை. மேஜையில் கிடந்த களஞ்சியத்தை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"தம்பி, முன்னுரையோட கடைசி வரியைப் படிங்க."

அவன் புத்தகத்தைத் தொடவில்லை. டாக்டரம்மா எடுத்துப் படித்தார்: "'பிறர் கைபடாமல் நான் ஒருவனே உழைத்து உருவாக்கியது.'"

"அவரே எழுதியிருக்காரு மேடம். எனக்கும் இந்தப் புத்தகத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல."

"அண்ணி! மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க!"

"தொட்டுத்தான் சொல்றேன். சுடத்தான் செய்யுது."

டாக்டரம்மா தாள்களின் மேல் குறுக்குக்கோடு இழுத்தார். வேலை ரத்து. புத்தகத்தை எந்தப் பிரிவும் தொடக்கூடாது என்று மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் கடிதம் போகும். கொழுந்தன் நாற்காலியைப் பிடித்தபடி எழுந்தான். எங்கே போவது என்று தெரியாதவன் போல நின்றான்.

கிளார்க் ஒரு தாளை அவள் முன் வைத்தார். 'கலைச்சொல் களஞ்சியம் என்னும் நூலில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை.' கீழே கோடு போட்ட வெற்றிடம்.

அந்தப் புத்தகத்தின் பெயரும் தன் பெயரும் ஒரே தாளில் வருவது இது ஒரு தரம்தான். அது சீட்டக்காவுக்குத் தெரியும். கொழுந்தன் பார்த்துக்கொண்டிருக்க, அவசரப்படாமல், இனிஷியலோடு முழுப் பெயரையும் எழுதினாள்.

"ஒரு காப்பி தம்பிக்கும் குடுங்க சார்" என்றாள் கிளார்க்கிடம்.