மேனேஜரின் படுக்கை

புருஷன் செத்து மூன்று மாதம் ஆவதற்குள் அவளும் நாத்தனாரும் நேருக்கு நேர் பேசுவதை நிறுத்திவிட்டிருந்தார்கள். சண்டை நிற்கவில்லை, பேச்சு மட்டும்தான் நின்றது. சொல்ல வேண்டியதையெல்லாம் முயலிடம் சொன்னார்கள்.

முயலுக்கு மேனேஜர் என்று பெயர் வைத்தவன் அவள் புருஷன். ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லோரையும் முறைக்கிறது என்பான். அவன் படுத்த படுக்கையாய்க் கிடந்த எட்டு மாதமும் கூண்டு கட்டிலையொட்டியே இருந்தது. இப்போது கட்டில் போய்விட்டது. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை முடித்து அவள் கதவைத் திறந்தால், வீட்டில் இன்னொரு உயிர் இருக்கிறது என்று சொல்வது அது புல்லை மெல்லும் சத்தம் ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாத்தனார் வந்து முயலை மடியில் தூக்கி வைத்துக்கொள்வாள். அண்ணன் வளர்த்ததாம், பார்க்க உரிமை இருக்கிறதாம். அந்த ஞாயிறு மேனேஜர் மடியில் நிற்கவில்லை. பின்னங்காலைத் திருப்பிப் பார்த்தாள். குதிகாலில் முடி கொட்டி, சட்டைப் பொத்தான் அளவுக்குத் தோல் சிவந்து கசிந்துகொண்டிருந்தது. பொத்தான்தான் அவளுக்கு அளவுகோல், தையற்காரி.

"மேனேஜர் சார்," என்றாள் அதன் காதுக்குள், அடுப்படிவரை கேட்கிற குரலில். "எங்க அண்ணனை முதுகுப் புண்ணோட அனுப்பி வச்சாங்க. இப்ப உங்க காலுக்கு வந்திருக்காங்க. அடுத்து யாருன்னு கேட்டு வைங்க."

இவள் ஈரக் கையோடு வந்து நின்றாள். "மேனேஜர், ஞாயித்துக்கிழமை மட்டும் வர்றவங்களுக்கு எல்லாம் தெரியும். மத்த ஆறு நாளும் உன் மூத்திரத்தை யாரு கழுவுறாங்கன்னு மட்டும் தெரியாது."

"கழுவுற லட்சணம் கால்ல தெரியுதே."

"தெரிஞ்சா மடியை விட்டு இறக்கச் சொல்லு, மேனேஜர்."

"இறக்க மாட்டேன். என் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறேன்."

இது முயலிடம் சொன்னதல்ல. இவள் போய் வாசற்கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். கடைசியில் கால்நடை டாக்டர் சொல்கிறபடி என்று ஒரு முடிவுக்கு வந்தார்கள். அதற்கே அரை மணி நேரம் பிடித்தது.

மறுநாள் டாக்டரம்மா காலைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"யாரு பார்த்துக்கிறது?"

"நான்தான்."

"கூண்டுக்கு அடியில என்ன?"

"கம்பி வலை. அதுமேல துண்டு, நாலு மடிப்பு."

"கழுவுவீங்களா?"

"காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. பிளீச்சிங் பவுடர் போட்டு." கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். எந்தக் கறையானாலும் தண்ணீர், பவுடர், சூடு. பத்தொன்பது வருஷச் சலவை வேலையில் அவள் கற்றது அதுதான்.

"காய வைப்பீங்களா?"

காலையில் ஏழு மணிக்கு வேலை. "துடைச்சிட்டு விட்டுருவேன்."

"அதான். நீங்க குறைச்சுக் கழுவலம்மா, கூடக் கழுவிட்டீங்க. முயலுக்கு நாய் மாதிரி பாதத்துல சதைத் திண்டு கிடையாது, முடிதான் செருப்பு. அது ஈரத்துல ஊறி, பவுடர் பட்டு, கம்பியில அழுந்தியிருக்கு. துண்டும் வேண்டாம், அந்த நூல் வளையத்துல நகம் மாட்டிக்கும்."

நாத்தனார் இதற்குத்தான் காத்திருந்தாள். பையிலிருந்து பூப்போட்ட சின்ன மெத்தை ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒரே மூச்சில் தைத்தது. உள்ளே பஞ்சு.

டாக்டரம்மா அதைத் தொடக்கூட இல்லை. "பிச்சுத் தின்னா குடல்ல அடைச்சுக்கும். கால் புண்ணாவது ஆறும்."

நாத்தனார் மெத்தையைத் திரும்பப் பைக்குள் திணித்தாள். டாக்டரம்மா மருந்து எழுதி, நகத்தை வெட்டிவிட்டு, படுக்கைக்கும் வழி சொன்னார்: கம்பிமேல் பலகை, பலகைமேல் செய்தித்தாள், அதன்மேல் பிரிநூல் இல்லாத மெத்தென்ற போர்வைத் துணி, மேலே உலர்ந்த புல். நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். மெத்தென்று இருந்தால் மட்டும் போதாது, காய்ந்திருக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்துக் காட்டச் சொன்னார்.

"ரெண்டு வாரம்," என்றாள் நாத்தனார் வெளியே வந்ததும். "ஆறலன்னா என் வீடு."

பஸ்ஸில் அட்டைப்பெட்டி இவள் மடியில் இருந்தது. பாதி வழியில் மூடியைக் கொஞ்சம் தூக்கினாள்.

"அவருக்கும் இப்படித்தான் பண்ணேன், மேனேஜர். ஒரு நாளைக்கு மூணு தடவை துடைச்சேன். வர்றவங்க மூக்கைச் சுளிச்சிடக் கூடாதுன்னு. ஈரம் காயறதுக்குள்ள படுக்க வச்சுட்டேன்."

நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இறங்கும்வரை திரும்பவே இல்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு துணி மூட்டையோடு வந்தாள். உள்ளே அவள் அண்ணனின் பழுப்புப் போர்வை. சாவு வீட்டில் இவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. அதை நாலு துண்டாக வெட்டி, ஓரத்தை இரண்டு முறை மடித்து, ஒரு நூல்கூட வெளியே தெரியாமல் அடித்திருந்தாள்.

"மேனேஜர், ஒண்ணு காயற வரைக்கும் இன்னொண்ணு. நாலு இருக்கு. ஈரத்தைப் போட்டு உட்கார வைக்க இனிமே சாக்கு கிடையாதுன்னு சொல்லு."

"வெட்டிட்டாங்களா மேனேஜர்? உசிரு மாதிரி தூக்கிட்டுப் போனது."

"உனக்காக வெட்டல." அதையும் முயலிடம்தான் சொன்னாளா என்று தெரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இவள் அடுத்த பதினொரு நாளும் துணியைக் கொடியில் போட்டு, எடுக்கும்போது கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சில்லென்று பட்டால் திரும்பவும் கொடிக்குப் போகும். பவுடர் டப்பாவை எடுத்துப் பரண்மேல் வைத்தாள். ஒருநாள் வேலைக்கே தாமதமாகப் போய், மேற்பார்வையாளரிடம் முயல் படுக்கை காயவில்லை என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

பதினைந்தாம் நாள் நாத்தனார் ஒரு புதுக் கூடையோடுதான் டாக்டரிடம் வந்தாள். டாக்டரம்மா காலைத் திருப்பினார். கசிவு நின்று பொருக்கு காய்ந்திருந்தது. ஓரத்தில் மெல்லிய முடி தெரிந்தது.

"இப்படியே பார்த்துக்கிட்டா போதும். இடத்தை மாத்தாதீங்க."

நாத்தனார் வெறும் கூடையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். பஸ் நிறுத்தத்தில் குனிந்து, அட்டைப்பெட்டியின் ஓட்டை வழியே பேசினாள்.

"ஞாயித்துக்கிழமை வருவேன், மேனேஜர். துணியைத் தொட்டுப் பார்ப்பேன். ஈரம் இருந்துச்சு, தூக்கிட்டுப் போயிடுவேன்."

"வரச் சொல்லு," என்றாள் இவள் பெட்டிக்குள் பார்த்து. "உன்னைத் தூக்குறதுக்கு முன்னாடி கையைக் கழுவச் சொல்லு. கழுவிட்டு நல்லாத் துடைக்கச் சொல்லு."